நண்டு குளிர் என்று சொன்ன சீனர்

நண்டு சூடா, குளிரா?

சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வாவிக்கரையிலேயே பிறந்து வாவிக்கரையிலேயே வாழ்கிற எனக்கு இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இது ஒரு கேள்வியே அல்ல. நண்டு சூடு. நெருப்பு சூடு என்பதைப்போல. அப்படியல்ல என்று சொன்ன ஒரே ஒரு மனிதரை நான் கண்டிருக்கிறேன். அவர் எங்கள் வீட்டு விறாந்தையில், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் என் கலியாணப் பந்தல் ஒழுகிய கதையை எழுதி, மூத்தவளுக்கு வந்த இழுப்பையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். 'பந்தல் கிடக்கட்டும், மூத்த பிள்ளைக்கு வந்த இழுப்பு எப்படி மாறியது?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, அதைத்தான் நானும் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று விரல்

மாரி மழை தூவிக்கொண்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து வாளியில் சொட்டும் நீரைவிடப் பெரிதாகக் கேட்டது என் மகள் பவளத்தின் நெஞ்சு. ஏழு மாதக் குழந்தை. மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்திருப்பதைப்போல் கர், கர் என்றது. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் குழிந்து குழிந்து நிமிர்ந்தது.

அந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் தொட்டிலை அவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதைப்பற்றி யாரும் என் காதுபடப் பேசவில்லை.

பவளம் அம்மாவின் மடியில் கிடந்தாள். சீனரோ என் கையைப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். அவருடைய விரல்களில் கராம்பு எண்ணெய் மணந்தது. ஒரு விரலை அழுத்துவார், மற்றதைத் தளர்த்துவார், பிறகு மூன்றையும் மெல்லத் தூக்குவார். ஆர்மோனியம் வாசிக்கிறவரைப்போல இருந்தது. பாட்டு மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா பொறுத்துப் பார்த்தார்.

"வருத்தம் பிள்ளைக்குத்தானே? என்னத்துக்கு இவர் தாயிட கையைப் புடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறார்?"

"நித்திரை இல்ல மாமி, நாடி பாக்கிறார்," என்றார் என் கணவர். "பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்தான் மருந்துச் சட்டி எண்டு சொல்லுறார்."

"சரி, பொம்புளைக்கு இடக்கைதான். அது பாத்தாச்சு. மறுகா என்னத்துக்கு வலக்கையைக் கேக்கிறார்?"

சீனர் கண்ணைத் திறந்தார். "உம்மா, கோபம் வேணாம். அந்தக் கையும் தாங்க."

அவர் தமிழ் படித்தது காத்தான்குடியில், முஸ்லிம் பெண்களுக்கு வீடு வீடாகப் பட்டுத் துணி விற்ற காலத்தில். ஆகவே உலகத்துப் பெண்கள் எல்லாரும் அவருக்கு உம்மாதான். திருநீறும் பொட்டுமாக இருந்த என் அம்மாவும் உம்மா, நானும் உம்மா. பவளத்தைச் 'சின்ன உம்மா' என்றார். அம்மாவுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தியதை நான் கண்டேன்.

பிறகு, "நாக்கு," என்றார்.

கலியாணமான பெண், அந்நிய ஆணின் முன்னால், தாயையும் கணவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி நாக்கை நீட்டுவது? நுனியை மட்டும் காட்டினேன்.

"முழுசா, உம்மா. முழுசா."

காளி படத்தில் மட்டுமே நான் கண்டிருக்கும் நீளத்துக்கு நீட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனர் குனிந்து, மிளகாய்க் கடையில் வற்றல் பார்க்கிறவரைப்போல நிறத்தைப் பார்த்தார்.

"சூடு," என்றார். "சளி சூடு."

"சளி எண்டாலே குளிர்தானே!" என்றார் அம்மா. "சளியில எங்க கிடக்கு சூடு?"

நம்பிக்கை பல்லில் தொடங்கியது

பல்லுக் கட்டுகிற சீனர் எங்கள் விறாந்தைக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அவருடைய முன்பல் ஒன்று கரும்பு கடித்தபோது போய்விட்டது. புளியந்தீவில் இந்தச் சீனர் ஒரு சிறு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்வரிசைகளை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அவர் கட்டிக்கொடுத்த பல், கடவுள் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது. அறையின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட ஓர் அலுமாரி. அதற்குள் வேர், பட்டை, பூ. முன்னால் பல், பின்னால் மருந்து.

பல்லைச் சரியாகக் கட்டியவர் நெஞ்சையும் சரியாகக் கட்டுவார் என்பது என் கணவரின் நியாயம். கச்சேரியில் இதைவிடச் சிறிய ஆதாரத்தை வைத்துப் பெரிய தீர்மானங்கள் எடுக்கிறார்கள் என்பதால் நான் மறுக்கவில்லை.

பின்னால் சண்டை வந்து, யப்பான் விமானங்கள் என்று ஊர் அரண்ட நாட்களில், 'அந்த மனிசன் சீனனா யப்பானா, ஆருக்குத் தெரியும்?' என்று சிலர் அவரைப்பற்றிச் சந்தேகமாகப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் பாதிப்பேர் அவர் கட்டிய பல்லால்தான் பேசினார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அதனால் நண்டைப்பற்றி இனி அவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை.

ஒன்றும் விலக்காத வைத்தியர்

அவசரப்பட்டுச் சீனரிடம் போனோம் என்று நினைக்க வேண்டாம். முறைப்படிதான் போனோம்.

முதலில் ஆசுப்பத்திரி. அப்போதிக்கரி ஐயா பவளத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "மாரிக் காத்து ஒத்துக்கொள்ளேல்ல. மாரி முடியச் சரிவரும். தாய் நல்லாச் சாப்பிடட்டும்," என்று சொல்லி ஒரு சிவப்புத் தண்ணீரைத் தந்தார்.

"என்ன சாப்பாட்டை விலக்கச் சொன்னார்?" என்று வீட்டு வாசலிலேயே கேட்டார் அம்மா.

"ஒண்டையும் விலக்கச் சொல்லேல்லயம்மா."

அம்மாவுக்கு அதோடு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை போய்விட்டது. "ஒண்டையும் விலக்காதவன் என்னகா வைத்தியன்? அவனுக்கு வருத்தமும் தெரியா, சாப்பாடும் தெரியா."

சிரிக்காதீர்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கையில் தாய்க்குச் செய்வதற்கு ஏதாவது வேண்டும். பட்டினி கிடக்கவாவது விடவேண்டும். 'நல்லாச் சாப்பிடு' என்று சொல்வது, உன்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதைப்போல இருந்தது.

ஆகவே களுதாவளைப் பக்கத்திலிருந்து நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரை அழைத்தோம். காதில் கடுக்கன், தோளில் சால்வை, நாலு வார்த்தைக்கு ஒரு செய்யுள். அவர் என் இடக்கையை மட்டும் பிடித்தார். அவருக்கும் மூன்று விரல்தான். கபம் என்றார், குளிர் என்றார், பிள்ளை தாயிடமிருந்து குடித்த குளிர் என்றார். கோரோசனையைத் தாய்ப்பாலில் உரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவினார். பிறகு விலக்கத் தொடங்கினார். இளநீர், தயிர், மோர், வெள்ளரி, பூசணி, வாழைப்பழம், தோடம்பழம், பயறு, கீரைகளில் பெரும்பாலானவை. அம்மாவின் முகம் மலர்ந்தது. இதுவல்லவா வைத்தியம்!

"என்ன சாப்பிடலாம் ஐயா?" என்று நான் கேட்டேன்.

"சூடானது எல்லாம் சாப்பிடலாம் பிள்ளை. மிளகு, உள்ளி, இஞ்சி, முருங்கைக்காய், கோழி, நண்டு. நண்டுச் சாறு குடிச்சா நெஞ்சில கட்டின சளி ஓடும்."

குடித்தேன். மிளகு காரத்தில் கண்ணீர் வர வர, கொஞ்ச நாள் குடித்தேன். பவளத்தின் நெஞ்சுக்குள் இருந்த பூனைக்குட்டி அசையவில்லை. அப்போதுதான் என் கணவர் தம் முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீனரிட்ட ஒருக்காக் கேட்டா என்ன?" என்றார்.

அரசனும் மந்திரியும் அதிமதுரமும்

இனி விறாந்தைக்குத் திரும்பலாம். சளி சூடு என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பார்வையைத் தாங்க முடியாமல், சீனர் எங்களுக்குத் தம் நாட்டு வைத்தியத்தை விளக்கினார்.

சளி இரண்டு வகை. வெள்ளையாக நீர்த்து இருந்தால் குளிர்ச் சளி. மஞ்சளாகத் தடித்தால் சூட்டுச் சளி. நாக்கு சிவப்பு, அதன்மேல் மஞ்சள் படலம், நாடி பீங்கானில் உருளும் முத்தைப்போல வழுக்கி ஓடுகிறது, ஆகவே சூடு. சூட்டு நோய்க்குக் குளிர்ந்த மருந்து, குளிர் நோய்க்குச் சூடான மருந்து. கூடினதைக் குறைப்பது, குறைந்ததைக் கூட்டுவது. அவ்வளவுதான் சாஸ்திரம், மற்றதெல்லாம் கணக்கு என்றார். கசப்பு சூட்டை இறக்கும். காரம் அடைத்ததைத் திறக்கும். புளிப்பு ஓடுவதைப் பிடித்து வைக்கும். உப்பு கட்டியை இளக்கும். இனிப்பு எல்லாவற்றையும் சமாதானம் பண்ணும்.

அம்மா விரல்விட்டுப் பார்த்தார். "அஞ்சு சுவைதானே வருது. துவர்ப்பு எங்க? கப்பலில வரேக்க கடலில போட்டுட்டாராமா?"

சீனருக்கு இது விளங்கவில்லை. அவர் மருந்துப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஒரு மருந்தில் பல சரக்குகள் சேரும். ஆனால் எல்லாம் சமமல்ல. ஒன்று அரசன், நோயோடு சண்டை பிடிக்கிறவன். ஒன்று மந்திரி, அரசனுக்குக் கைகொடுக்கிறவன். இன்னொன்று உதவியாள், அரசன் முரட்டுத்தனம் பண்ணாமல் பார்க்கிறவன். கடைசியாகத் தூதன், மருந்தை நெஞ்சுக்கு வழிகாட்டி அழைத்துப் போகிறவன், வழியில் எல்லாருக்கும் சண்டை வராமல் பார்க்கிறவன். அநேகமாக அது அதிமதுரம்.

"அப்ப கச்சேரியில அதிமதுரம் நான்தான்," என்றார் என் கணவர். "அரசன் ஆரெண்டு மட்டும் இன்னும் தெரியேல்ல."

பொட்டலத்தில் ஒரு வெள்ளை மரப்பட்டை, கசக்கிற ஒரு பருப்பு, காய்ந்த தோடம்பழத் தோல், மஞ்சள் பூக்கள். அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில், கால்களோடு, கண்ணுள்ள இடத்தில் கண்ணின் வடிவத்தோடு, ஏதோ கிடந்தது. அம்மா பிள்ளையோடு எழுந்துவிட்டார்.

"ஐயோ, பூச்சி!"

"பூச்சி இல்ல உம்மா. பூச்சிட சட்டை." சீனர் மரத்தில் கத்தும் சில்வண்டைப்போல ஜ்ஜ்ஜ் என்று கத்திக் காட்டினார். "வளரக்குள்ள சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிரும். இது பகல்ல கத்தும், ராவில கத்தாது. இதக் குடிச்சா புள்ளயும் ராவில கத்தாது."

எங்கள் வளவுப் புளியமரத்தில் கத்துபவை இரவு பகல் பார்ப்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. படித்தவள் என்று காட்டிக்கொள்கிறேன் என்று நினைப்பாரோ என்ற பயம். மண் சட்டியில், மூன்று கோப்பை நீரை ஒன்றாகச் சுண்ட வைத்து நானே குடித்தேன். மருந்து தாய்க்கு, குணம் பிள்ளைக்கு. அதன் கசப்பு காதுவரை ஏறியது.

எழுந்து போகும்போது படியில் நின்று, "சூடான சாமான் ஒண்டும் சாப்புடாதீங்க உம்மா. மிளகு, மிளகாய், இஞ்சி, கோழி, ஆட்டு இறைச்சி வேணாம்," என்றார்.

அவர் விலக்கச் சொன்னார்! அம்மா அந்தக் கணத்தில் அவரைப் பாதி மன்னித்துவிட்டார்.

மாம்பழத்துக்குக் காய்ச்சல்

இங்கே பள்ளிக்கூடத்து ஞாபகம் ஒன்று குறுக்கே வருகிறது.

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்த வெள்ளைக்கார அம்மணி, சூடு குளிர் என்ற பேச்சைக் கேட்டாலே சிரிப்பார். ஒருநாள் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் ஒரு வெள்ளரிக்காயையும் மேசையில் வைத்து, இரண்டிலும் காய்ச்சல் பார்க்கும் குழாயைச் செருகிக் காட்டினார். இரண்டிலும் ஒரே அளவு. வகுப்பு முழுவதும் கைதட்டியது. அதிகமாகத் தட்டியவள் நான். மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் அன்று பின்னேரம் வீட்டில் மாம்பழத்தை ஆசை தீரத் தின்றேன். அடுத்த நாள் காலையில் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

குழாயை நம்புவதா, மூக்கை நம்புவதா? அன்று தொடங்கிய குழப்பம்தான் இது. நான் படித்த சுகாதாரப் புத்தகம் இன்றும் அலுமாரியில் இருக்கிறது. கிணற்று நீரைக் கொதிக்க வைக்கச் சொல்கிறது, யன்னலைத் திறக்கச் சொல்கிறது. நண்டைப்பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியவர் நண்டே காணாத ஊரில் இருந்திருப்பார்.

என் பீங்கானில் மிஞ்சியது

இரண்டு வைத்தியம். ஒருவர் குளிர் கூடாது என்றார், மற்றவர் சூடு கூடாது என்றார். ஒரு கெட்டிக்காரி இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்திருப்பாள். நான் கடமை தவறாதவள், இரண்டையும் கைக்கொண்டேன். ஒருவர் சொன்னது பிழையானாலும் மற்றவர் சொன்னது பிள்ளையைக் காப்பாற்றட்டும் என்று நினைத்தேன்.

அம்மா இதற்காகவே பிறந்தவர்போல வேலையில் இறங்கினார். சீனர் விலக்கியது ஐந்தாறு சாமான்தான். ஆனால் அவர் 'சூடான சாமான்' என்றல்லவா சொன்னார்? எது சூடு என்று எங்களுக்குத் தெரியாதா? அவர் மறந்துவிட்டதையெல்லாம் அம்மா ஞாபகமாகச் சேர்த்தார். முருங்கைக்காய் சூடு. கத்தரிக்காய் சூடு. இறால் சூடு. கணவாய், கருவாடு சூடு. நண்டு? கேட்கவா வேண்டும்!

தாய்க்குப் பால் ஊறக் கொடுக்கும் பால்சுறா மீன் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மிஞ்சியது. கடல்தான் சம்மதிக்கவில்லை. மாரிக் கடலில் தோணி இறங்காது.

கடைசியில் என் பீங்கானில் மிஞ்சியது சோறு, உப்பு, வெந்நீர். உப்பு சூடா குளிரா என்று அம்மா ஒருநாள் யோசிக்கத் தொடங்கியபோது என் கணவர் உப்புச் சிரட்டையை எடுத்து ஒளித்து வைத்தார்.

இரண்டு கிழமை போனது. எனக்கு எழுந்தால் கண் இருண்டது. பவளம் மார்பில் வாயை வைத்து இழுப்பாள், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், வீரிடுவாள். பால் வற்றிக்கொண்டு வந்தது. அவள் முழங்கால் முடிச்சு தொடையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முன்பு இழுப்பினால் அழுதாள், இப்போது பசியினால் அழுதாள். இரண்டு அழுகைக்கும் வித்தியாசம் தெரியும் எனக்கு. தெரிந்தும், பத்தியத்தை விட்டால் என்னால்தான் பிள்ளை போனது என்று ஆகிவிடுமே என்று பயந்து, அடுத்த நாளும் சோற்றில் வெந்நீரை ஊற்றினேன்.

விறாந்தையில் மாநாடு

ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது. பிள்ளை தேறவில்லை என்று கேள்விப்பட்டுப் பரியாரியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே நேரம் என் கணவர் சீனரைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்தார். இரண்டு கதிரையையும் எதிரெதிரே போடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு பரியாரியார் சீனரின் பொட்டலத்தைக் கிண்டி, ஒரு துண்டைக் கடித்து, "அட, அதிமதுரம்! இது உங்கட ஊரிலயும் இரிக்கா?" என்றார். அடுத்ததாகப் பூச்சிச் சட்டை அகப்பட்டது.

"சிவ சிவா! பூச்சியையா பால் குடுக்கிற தாய்க்குக் குடுக்கிறீர்?"

"நீங்க குடுத்த கோரோசனையும் மாட்டிட வயித்துக் கல்லுத்தானே ஐயா?" என்றார் என் கணவர்.

"தம்பி, அது பசு," என்றார் பரியாரியார். அந்த விவாதம் அதோடு முடிந்தது.

கோரோசனையைக் கண்டதும் சீனரின் கண் விரிந்தது. முகர்ந்து பார்த்துக் கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். "எங்கட ஊர்லயும் இது பெரிய மருந்து." பரியாரியார் வெற்றிலைத் தட்டைச் சீனர் பக்கம் தள்ளினார். இப்படியே போயிருந்தால் இருவரும் சம்பந்தி ஆகியிருப்பார்கள். அப்போதுதான் படலையில் திரேசாக்காவின் குரல் கேட்டது.

திரேசாக்கா வாவி நண்டு விற்கிறவர். அவர் கணவர் வலை போடுவார், அவர் கூடையோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். காய்ச்சலுக்கும் நண்டு நல்லது, முழங்கால் வலிக்கும் நண்டு நல்லது, பரீட்சைக்கும் நண்டு நல்லது என்று சொல்லக்கூடியவர். என்னைக் கண்டதும் கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னகா புள்ள, இப்பிடிக் காஞ்சு போய்க் கிடக்கிறா? நல்ல சதை நண்டு கிடக்கு, இறக்கட்டா?"

"வேணாம் திரேசா," என்றார் அம்மா. "சீனர் சூடு ஒண்டும் சாப்பிடவேணாம் எண்டவர்."

சீனர் திரும்பினார். "நண்டு சூடா? ஆரு சொன்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, சூடு வேணாமெண்டு."

"சூடு வேணாம். நண்டு சூடு இல்ல உம்மா. நண்டு குளிர். நல்ல குளிர். தண்ணிக்குள்ள சேத்துக்குள்ள இரிக்கிற சாமான் எப்பிடிச் சூடாகும்? சாப்புடலாம்."

பரியாரியார் வெற்றிலைத் தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நண்டு குளிரா? எருமை பறக்கும் எண்டும் சொல்லுவீரா? நண்டு கொதி சூடு. அதனாலதானே நான் சாப்பிடச் சொன்னன்!"

"குளிர். அதனாலதான் நானும் சாப்புடச் சொல்ற."

என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கச்சேரி அதிமதுரம் வேலைக்கு இறங்கியது. "ஐயாமாரே, ரெண்டு பேரும் சாப்பிடத்தானே சொல்லுறீங்க? அப்ப சாப்பிடட்டுமே?"

இருவரும் அவரை ஒரே நேரத்தில், ஒரே வெறுப்போடு பார்த்தார்கள்.

"சாப்பிடட்டும்," என்றார் பரியாரியார். "ஆனா குளிரெண்டு நினைச்சுச் சாப்பிடப்படாது. இஞ்சியைக் குறைச்சு, தேங்காய்ப்பால் கூட்டி, சூடு மிஞ்சிப் போகாமச் சமைக்கவேணும்."

"இல்ல, இல்ல. இஞ்சி போடணும். இஞ்சி போடாட்டிக் குளிர் வயித்துல நிக்கும்."

"இஞ்சியை விலக்கினது நீர்தானே?"

"இஞ்சி தனியா வேணாம். நண்டோட வேணும்."

"இப்பிடிச் சமைக்கிறதெண்டா நண்டே வேணாம்!"

"தேங்காய்ப்பால் போட்டா எனக்கும் வேணாம்!"

ஆக, நண்டு மறுபடியும் விலக்கப்பட்டது. மற்றவர் சொன்ன காரணத்துக்காக நான் அதைத் தின்பதைவிடத் தின்னாமலே இருப்பது மேல் என்பதில் இரண்டு நாட்டுச் சாஸ்திரமும் ஒன்றுபட்டன.

என் மடியில் பவளம் வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பிள்ளையோடு குசினிக்குப் போனேன். திரேசாக்காவும் பின்னால் வந்தார். அவருடைய கூடைக்கு அடியில், தம் மத்தியானத்துக்கென்று வாழையிலையில் கட்டிய சோறும் நண்டுக்கறியும் இருந்தது. அதை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். முருங்கை இலையும் மிளகும் சேர்ந்த மணம் என் முகத்தில் அறைந்தது. அதில் இஞ்சி இருந்ததா, தேங்காய்ப்பால் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

தின்றேன். காலைக் கடித்து உடைத்தேன், ஓட்டை உறிஞ்சினேன், மணிக்கட்டில், இரண்டு வைத்தியர்களும் நாடி பார்த்த அதே இடத்தில், குழம்பு வழிந்தது. ஓடு உடையும் சத்தம் விறாந்தைவரை கேட்டிருக்க வேண்டும். அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிள்ளையின் முழங்காலைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, என் மடியிலிருந்து பவளத்தை வாங்கிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

வெளியே இஞ்சிச் சண்டை பொழுது சாயும்வரை நடந்தது.

யாருக்கு நன்றி?

அதற்குப்பின் அம்மா வாய்விட்டு எதையும் அனுமதிக்கவில்லை. ஆனால் என் பீங்கானைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். நண்டு வந்தது, முருங்கைக்காய் வந்தது, தயிர்கூட வந்தது. பால் ஊறியது. பவளம் குடித்துக் குடித்து, களைத்து, வாய் திறந்தபடியே உறங்கினாள். சீனரின் கஷாயத்தை நான் விடவில்லை. கோரோசனையையும் விடவில்லை. சிவப்புத் தண்ணீர்ப் போத்தலில் அடியில் கிடந்ததையும் குடிப்பாட்டி முடித்தேன். மெல்ல மெல்லப் பூனைக்குட்டி அவள் நெஞ்சை விட்டு இறங்கிப் போனது.

பரியாரியார் கோரோசனை வென்றது என்றார். நண்டுச் சூடும் துணை நின்றது என்றார். சீனர், அரசனும் மந்திரியும் தங்கள் வேலையைச் செய்தார்கள், நண்டுக் குளிர்ச்சியும் உதவியது என்றார். திரேசாக்கா நண்டு என்றார், வேறு காரணம் சொல்லவில்லை. அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்த நேர்த்தி என்றார்.

"மழையும் விட்டுட்டுது," என்றார் என் கணவர், வெளியே பார்த்தபடி.

மாரி முடியச் சரிவரும், தாய் நல்லாச் சாப்பிடட்டும் என்று ஒருவர் முதல் நாளே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. யாரும் அவரைப்பற்றிப் பேசவில்லை. விலக்கத் தெரியாதவரை எப்படி நம்புவது?

அது இருக்கட்டும். இப்போது மறுபடியும் மாரி. சின்னவனுக்கு ஆறு மாதம். நேற்றிலிருந்து அவன் நெஞ்சிலும் கர் என்று ஒரு சத்தம். பவளம் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளுக்குப் பூனை," என்கிறாள். அம்மா பரியாரியார் விலக்கியதையும் சீனர் விலக்கியதையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டார். எல்லாம் தெரிந்த நானும் பீங்கானில் வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை தின்று பிழைத்தோம் என்பது மறுமுறைக்கு உத்தரவாதமா? அப்போது கஷாயமும் இருந்ததே. இப்போது சீனர் இல்லையே.

ஆகவே வாசகர்களே, உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள், வைத்தியம் தெரிந்தவர்கள், சீன தேசம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நண்டு சூடா, குளிரா? பால் கொடுக்கிற தாய் மாரியில் தின்னலாமா? ஒரே ஒரு வேண்டுகோள்: 'தின்னலாம்' அல்லது 'தின்னக்கூடாது' என்பதை முதல் வரியில் எழுதிவிடுங்கள். காரணத்தைத் தனித்தாளில் எழுதுங்கள். தாள்கள் எல்லாவற்றையும் பிறகு ஒன்றாக வைத்துப் படிக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் படலையில் திரேசாக்கா நிற்கிறார். "என்னகா புள்ள, இறக்கட்டா, போகட்டா?" என்று இரண்டாம் முறையும் கேட்டுவிட்டார். உங்கள் பதில் வந்து சேர எவ்வளவு நாளாகுமோ தெரியாது. சின்னவன் பசியில் விரலைச் சப்புகிறான்.

இறக்கச் சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள்.